ஸ்டியரிங் நடுக்கம்: முதலில் எதில் கை வைப்பது?

பழைய கார் 80 கி.மீ. வேகத்தைத் தாண்டும்போது ஸ்டியரிங் நடுங்க ஆரம்பிக்கிறது. 100-இல் நன்றாகவே தெரிகிறது. 115-க்கு மேல் போனால் கொஞ்சம் அடங்கியது போலவும் இருக்கிறது. டயர் கடையில் கேட்டால் பேலன்சிங் (சக்கரத்தின் எடையைச் சுற்றிலும் சமன் செய்வது), அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணத்தைத் திருத்துவது) என்கிறார்கள். அடியில் குனிந்து பார்த்த மெக்கானிக், லோயர் ஆர்ம் புஷ் (சக்கரத்தைத் தாங்கும் கையில் இருக்கும் ரப்பர் உருளை) போய்விட்டது என்கிறார். நண்பர் ஒருவர் பிரேக் டிஸ்க் வளைந்திருக்கும் என்று அடித்துச் சொல்கிறார். இன்னொருவர் டயரை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, நாலையும் மாற்றிவிடு என்கிறார்.

இதில் யாரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் பழைய காரின் தொல்லை. பத்து வருடம் ஓடிய வண்டியில் புஷ் தேய்ந்துதான் இருக்கும், டிஸ்க்கில் வரி விழுந்துதான் இருக்கும், டயரும் ஒரே சீராகத் தேய்ந்திருக்காது. தேய்ந்த பாகம் ஒன்றைக் கண்டுபிடிக்க யாராலும் முடியும். நடுக்கத்தைக் கிளப்புவது அதில் எது என்று பிரித்தறிவதுதான் கடினம். அதைப் பிரிக்காமல் வேலையைத் தொடங்கினால், தேவையான வேலைகளையே தப்பான வரிசையில் செய்து, ஒவ்வொன்றுக்கும் பிறகும் "இன்னும் நடுங்குதே" என்று திரும்பி வருவோம்.

எதை வைத்து எடை போடுவது

எந்த வழியை முதலில் எடுப்பது என்று முடிவு செய்ய நான்கு கேள்விகள் போதும்.

முதலாவது, நடுக்கத்தின் குணத்தோடு அந்த வழி பொருந்துகிறதா? பிரேக் மிதிக்காதபோதே நடுங்கும் வண்டிக்கு டிஸ்க் மாற்றுவது பெரும்பாலும் வீண்.

இரண்டாவது, செலவு. பில்லில் வரும் தொகை மட்டுமல்ல, அந்த வேலை இழுத்துக்கொண்டு வரும் அடுத்த வேலைகளும் செலவுதான். டை ராடு எண்ட் (ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பியின் முனை) மாற்றினால் அலைன்மென்ட் செய்தே ஆகவேண்டும். டிஸ்க் மாற்றினால், அதைக் கவ்விப் பிடிக்கும் பேடும் மாற்றவேண்டும்.

மூன்றாவது, அந்த வேலை பலிக்காமல் போனால் நமக்கு ஏதாவது தெரிய வருமா? நான் அதிகம் மதிப்புக் கொடுப்பது இந்தக் கேள்விக்குத்தான். பேலன்சிங் ஒழுங்காகச் செய்தும் நடுக்கம் அப்படியே இருந்தால், சந்தேகப் பட்டியலில் ஒரு பெயர் குறைந்துவிட்டது. ஒரே நாளில் பேலன்சிங், அலைன்மென்ட், புஷ் மூன்றையும் செய்து நடுக்கம் பாதி குறைந்தால், எது குறைத்தது, மீதி எதில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

நான்காவது, பாதுகாப்பு. பால் ஜாயின்ட்டில் (சக்கரத்தைத் திரும்ப விடும் உருண்டை மூட்டு) ஆட்டம் இருந்தாலோ டயர் புடைத்திருந்தாலோ மற்ற மூன்று கேள்விகளையும் ஓரமாக வைத்துவிட வேண்டும்.

கடைக்குப் போகும் முன் ஒரு ஓட்டம்

காலியான, நேரான சாலையில், அனுமதிக்கப்பட்ட வேகத்துக்குள், பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்துக் குறிப்பெடுக்கச் சொல்லி ஓட்டிப் பாருங்கள். காற்றழுத்தத்தை வண்டி கிளம்பும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போதே சரிபார்த்துவிடுங்கள். கவனிக்க வேண்டியவை கொஞ்சம்தான்.

நடுக்கம் கையில் தெரிகிறதா, சீட்டில் தெரிகிறதா? ஸ்டியரிங்கில் தெரிந்தால் பெரும்பாலும் முன்பக்கம். சீட்டிலும் தரையிலும் தெரிந்தால் பெரும்பாலும் பின்பக்கம். இது கல்லில் எழுதிய விதியல்ல, ஆனாலும் நல்ல தொடக்கம்.

எந்த வேகத்தில் தொடங்குகிறது, எங்கே உச்சம், அதற்குமேல் அடங்குகிறதா? குறிப்பிட்ட ஒரு வேகத்தில் உச்சத்துக்குப் போய் அப்புறம் அடங்கினால் சக்கரம், டயர் பக்கம்தான் முதல் சந்தேகம். ஏனென்று கீழே சொல்கிறேன்.

அதே வேகத்தில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் என்ன ஆகிறது? மெதுவாக பிரேக்கை அழுத்தினால் என்ன ஆகிறது? காலை எடுத்ததும் நின்றால் டிரைவ் ஷாஃப்ட் (எஞ்சின் சக்தியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டு) பக்கம் போங்கள். பிரேக்கில் மட்டும் வந்தால் டிஸ்க் பக்கம் போங்கள். இரண்டுக்கும் அசராமல் ஒரே மாதிரி நடுங்கினால் சக்கரம்.

எஞ்சினை விலக்குவதும் சுலபம். நின்ற இடத்தில், நியூட்ரலில், 100 கி.மீ. வேகத்தில் டாக்கோமீட்டர் எவ்வளவு காட்டியதோ அந்த ஆர்பிஎம்முக்கு எஞ்சினை உயர்த்துங்கள். அப்போதும் ஸ்டியரிங் நடுங்கினால் எஞ்சின் மவுன்ட் (எஞ்சினைத் தாங்கும் ரப்பர்) பக்கம் பார்க்கவேண்டும். நடுங்கவில்லை என்றால் எஞ்சினை மறந்துவிடலாம். ஓடும் வண்டியில் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்துப் பார்க்கும் வேலை மட்டும் வேண்டாம். ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளலாம், பிரேக்கின் பூஸ்டர் உதவியும் போய்விடும்.

| நடுக்கத்தின் குணம் | முதல் சந்தேகம் | முதலில் எடுக்கவேண்டிய வழி | தப்பாகப் போனால் வீணாவது |
|---|---|---|---|
| 80–110-இல் சீராக, கையில். அதற்குமேல் அடங்கும் | பேலன்ஸ், டயர், ரிம் | சக்கரம் மாற்றிப் பார்த்தல், பிறகு பேலன்சிங் | மிகக் குறைவு |
| 30–40-இலேயே தத்தித் தத்தி ஆடும், நாளுக்கு நாள் கூடும் | டயர் உள்ளே பிரிந்திருக்கலாம் | டயரைக் கழற்றிச் சோதித்தல், மாற்றுதல் | நடுத்தரம், ஆனால் தள்ளிப்போடக் கூடாது |
| பிரேக் மிதித்தால் மட்டும் | டிஸ்க் | ஹப் (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) சுத்தம், டிஸ்க் அளவு பார்த்தல் | நடுத்தரம் |
| அரை மணி நேரம் ஓடிய பிறகு தொடங்கும், வண்டி ஒரு பக்கம் இழுக்கும் | இறுகிய காலிப்பர் (பேடை அழுத்தும் பாகம்) | காலிப்பரின் வழிகாட்டிக் கம்பி (பின்), பிஸ்டன் சோதனை | குறைவு |
| பள்ளத்தில் இறங்கியதும் தொடங்கி, வேகம் குறைத்தால்தான் நிற்கும் | ஜாயின்ட், புஷ், ஷாக் (அதிர்வு தாங்கி) | ஜாக்கி போட்டு ஆட்டம் பார்த்தல் | சோதனை இலவசம்; பாகங்கள் விலை கூடியவை |
| ஆக்ஸிலரேட்டர் அழுத்தினால் மட்டும் | டிரைவ் ஷாஃப்டின் உள் ஜாயின்ட் | பூட் (ஜாயின்ட்டை மூடும் ரப்பர் உறை), ஜாயின்ட் சோதனை | அதிகம் |

வழி 1: சக்கரங்களை முன்னும் பின்னும் மாற்றிப் பார்ப்பது

எல்லாவற்றிலும் மலிவானது இது, ஆனாலும் பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஜாக்கியும் ஸ்பேனரும் போதும். முன் சக்கரங்கள் இரண்டையும் பின்னால் போட்டு, பின் சக்கரங்களை முன்னால் கொண்டுவந்து, அதே சாலையில் அதே வேகத்தில் ஓட்டுங்கள்.

நடுக்கம் ஸ்டியரிங்கிலிருந்து சீட்டுக்குப் போய்விட்டால் குற்றவாளி சக்கரத்தோடு சேர்ந்து நகர்ந்துவிட்டது. டயர், ரிம், பேலன்ஸ் மூன்றில் ஒன்று. நடுக்கம் ஸ்டியரிங்கிலேயே, அதே அளவில் நின்றால் ஹப், டிஸ்க், சஸ்பென்ஷன், டிரைவ் ஷாஃப்ட் பக்கம் பார்க்கவேண்டும். ஒரே ஓட்டத்தில் சந்தேகப் பட்டியல் பாதியாகிவிடுகிறது. வேறெந்த வழியும் இந்தச் செலவில் இவ்வளவு சொல்லாது.

சில கவனங்கள் உண்டு. பக்கவாட்டில் சுழலும் திசைக்கு அம்புக்குறி போட்ட டயராக இருந்தால் இடதை இடதிலேயே, வலதை வலதிலேயே முன்பின் மாற்றவேண்டும். முன், பின் டயர் அளவு வேறுபட்ட வண்டிகளில் இதைச் செய்யக் கூடாது. ஸ்டெப்னி முழு அளவு டயராக, நல்ல நிலையில் இருந்தால், அதை முன்பக்கத்தில் ஒவ்வொரு பக்கமாகப் போட்டு எந்தச் சக்கரம் என்பதையும் கண்டுபிடித்துவிடலாம். ஒல்லியான தற்காலிக ஸ்டெப்னி இந்த வேலைக்கு ஆகாது. அவற்றின் வேக வரம்பே பொதுவாக 80 கி.மீ.தான், நடுக்கம் தொடங்கும் இடத்தைக்கூட எட்டமுடியாது.

சக்கரத்தைக் கழற்றிய கையோடு ரிம்மின் உள்பக்கம், ஹப் முகம் இரண்டையும் பாருங்கள். உள்ளே காய்ந்த சேறு ஒரு பக்கமாக அப்பியிருந்தால் அதுவே நடுக்கத்துக்குப் போதும். ஹப் முகத்தில் துரு செதில் செதிலாக இருந்தால் சக்கரம் நேராக உட்காராது. கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு மாட்டுங்கள். அப்படித் துடைத்து மாட்டியதிலேயே நடுக்கம் போனால், பிரச்சினை அங்கேயே முடிந்தது.

வெளியில் வாங்கிய அலாய் வீல் போட்ட வண்டி என்றால் இன்னொன்றும் பார்க்கவேண்டும். பல அலாய்களின் நடு ஓட்டை, பல வண்டிகளுக்குப் பொருந்தட்டும் என்று பெரிதாக வைக்கப்பட்டிருக்கும். இடைவெளியை நிரப்ப ஒரு வளையம் வேண்டும். அந்த வளையம் உடைந்தோ தொலைந்தோ போயிருந்தால் சக்கரம் நட்டுகளை மட்டும் நம்பி உட்காரும், மையம் ஒரு இழை தள்ளிப்போகும். இதை எந்தப் பேலன்சிங் மெஷினும் காட்டாது, ஏனென்றால் மெஷினில் அந்தச் சக்கரம் சரியான மையத்தில்தான் சுழல்கிறது.

வழி 2: பேலன்சிங்கைத் திரும்பச் செய்வது

சக்கரத்தின் ஒரு இடத்தில் 30 கிராம் கூடுதலாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சிறிய கார்களில் வரும் 14 அங்குல ரிம், 100 கி.மீ. வேகத்தில், விநாடிக்குச் சுமார் 15 முறை சுற்றுகிறது. அந்த வேகத்தில் இந்த 30 கிராம், அச்சை வெளிப்பக்கமாக ஏறக்குறைய 5 கிலோ எடைக்குச் சமமான விசையோடு இழுக்கும். அந்த இழுப்பு சக்கரத்தோடு சேர்ந்து சுற்றிக்கொண்டே இருக்கிறது. வேகம் பாதியானால் விசை கால் பங்காகிவிடும். 50-இல் ஒன்றேகால் கிலோதான். அதனால்தான் நகரத்துக்குள் ஒன்றும் தெரியாத வண்டி, நெடுஞ்சாலையில் கையை உதறுகிறது.

அப்படியானால் வேகம் கூடக் கூட நடுக்கமும் கூடிக்கொண்டே போகவேண்டுமே, ஏன் 115-க்கு மேல் அடங்குகிறது? சக்கரம், ஹப், ஆர்ம் எல்லாம் சேர்ந்த தொகுதி ஸ்பிரிங்குக்கும் டயருக்கும் நடுவே தொங்குகிறது. அதற்கென்று இயல்பான ஒரு அசைவு வேகம் உண்டு, பெரும்பாலான கார்களில் விநாடிக்கு 10 முதல் 15 முறை வரை. ஊஞ்சலை அதன் தாளத்துக்கு ஏற்பத் தள்ளினால் சின்னத் தள்ளலும் பெரிய வீச்சாவதைப் போல, சக்கரத்தின் சுழற்சி அந்த எண்ணைத் தொடும்போது நடுக்கம் உச்சத்துக்குப் போகிறது. தாண்டியதும் அடங்குகிறது. "வேகமா போனா சரியாயிடுது" என்று சொல்பவர்கள் உண்டு. விசை அங்கே இன்னும் அதிகம், கைக்குத் தெரிவதுதான் குறைவு.

பேலன்சிங் ஏற்கனவே செய்தாகிவிட்டது, பலன் இல்லை என்பதுதான் பலர் சொல்லும் பதில். செய்த விதத்தைக் கேட்டால் பாதிப் பேருக்கு அது பதிலாகாது. பக்கத்தில் நின்று பாருங்கள்.

பழைய எடைகளை முழுக்கக் கழற்றி, ரிம்மின் உள்பக்கச் சேற்றைச் சுரண்டிய பிறகுதான் சக்கரம் மெஷினில் ஏறவேண்டும். பழைய எடைமேல் புது எடை ஒட்டிக்கொண்டே போனால் ரிம் முழுக்க எடையாகிவிடும். ரிம்மின் விட்டம், அகலம், தூரம் மூன்றையும் மெஷினில் சரியாகக் கொடுத்திருக்க வேண்டும். முந்தைய வண்டியின் அளவு அப்படியே இருந்தால் மெஷின் சொல்லும் கிராம் தப்பு. இரண்டு பக்கமும், அதாவது ரிம்மின் உள்பக்கமும் வெளிப்பக்கமும், தனித்தனியாகக் காட்டவேண்டும். ஒரு பக்கம் மட்டும் பார்த்தால் சக்கரம் மேலும் கீழும் குதிப்பது நிற்கும், இடவலமாக ஆடுவது நிற்காது. ஸ்டியரிங்கை நேரடியாக ஆட்டுவது இந்த இரண்டாவது ஆட்டம்தான்.

கடைசியாக ஒரு சோதனை கேளுங்கள். மெஷின் சுழியம் காட்டிய பிறகு, சக்கரத்தைத் தளர்த்தி, அரைச் சுற்றுத் திருப்பி, மறுபடி மாட்டிச் சுழற்றச் சொல்லுங்கள். திரும்பவும் சுழியமோ 5 கிராமோ காட்டினால் நல்லது. 15, 20 என்று காட்டினால் சக்கரம் மெஷினில் மையமாக உட்காரவில்லை, அல்லது அதை மையத்தில் பிடிக்கும் மெஷினின் கூம்பு (கோன்) தேய்ந்திருக்கிறது. அந்த மெஷினில் செய்த பேலன்சிங்கை நம்பவேண்டாம், வேறு கடைக்குப் போங்கள். கடைக்காரர் முகம் சுளிக்கலாம், பரவாயில்லை, ஒரு நிமிட வேலைதான்.

மறைந்திருக்கும் செலவு இதில் குறைவு. ஒட்டும் எடைகள் மட்டும், ரிம்மைத் துடைக்காமல் ஒட்டினால், சில வாரங்களில் உதிர்ந்துவிடும். நன்றாக இருந்த வண்டி ஒரு நாள் திடீரென்று நடுங்கத் தொடங்கினால், ரிம்மின் உள்ளே செவ்வக வடிவத்தில் பசைத் தடம் மட்டும் மிச்சமிருக்கிறதா என்று பாருங்கள்.

மெஷினில் சுழலும்போது இன்னொரு விஷயம் இலவசமாகக் கிடைக்கிறது. டயரின் முன்னால் நின்று அதன் விளிம்பைக் கண்ணால் தொடருங்கள். மேலும் கீழும் ஏறி இறங்குகிறதா? ரிம்மின் ஓரம் அசைகிறதா, டயர் மட்டும் அசைகிறதா? ரிம் அசைந்தால் அது வளைந்திருக்கிறது. ரிம் நேராக நின்று டயர் மட்டும் குதித்தால் அடுத்த வழிக்குப் போகவேண்டும்.

வழி 3: டயர் மாற்றுவது

பேலன்சிங் மெஷின் எடையை மட்டும்தான் பார்க்கிறது, வட்டத்தைப் பார்ப்பதில்லை. சுற்றிலும் எடை சமமாக இருந்தால், முட்டை வடிவ டயருக்குக்கூட அது சுழியம் காட்டும். "மூணு கடையில பேலன்ஸ் பண்ணியாச்சு" என்கிற வண்டிகளில் பெரும்பாலும் இதுதான் கதை. டயர் வட்டமாக இல்லை, அல்லது ஒரு இடத்தில் மற்ற இடத்தைவிட விறைப்பாக இருக்கிறது. டயரின்மேல் ஒரு உருளையை வண்டியின் பாரம் போல அழுத்திச் சுழற்றி, இந்த விறைப்பு வித்தியாசத்தை அளக்கும் மெஷின்களும் உண்டு. அப்படி ஒன்று எட்டும் தூரத்தில் இருந்தால், டயர் வாங்கும் முன் அங்கே போவது நல்லது. சில சமயம் டயரை ரிம்மில் அரைச் சுற்றுத் திருப்பிப் போட்டாலே இரண்டின் குறைகளும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும், புது டயர் தேவைப்படாது.

டயர் மாற்றுவதுதான் சரி என்று எப்போது சொல்லலாம்? பக்கவாட்டில் புடைப்பு, மேல்பரப்பில் ஒரு இடம் மட்டும் மேடு, சாலையைத் தொடும் பகுதியில் ஆழமான வெடிப்பு இவற்றில் ஒன்று இருந்தால் யோசிக்கவே வேண்டாம். உள்ளேயிருக்கும் எஃகுப் பட்டை பிரியத் தொடங்கியதன் அடையாளமாக இருக்கலாம், அந்த டயரை நெடுஞ்சாலை வேகத்தில் ஓட்டக் கூடாது. 30–40-இலேயே வண்டி தத்தித் தத்திப் போவது இதன் வழக்கமான குணம். அடுத்தது வயது. டயரின் பக்கத்தில் டாட் (DOT) என்று தொடங்கும் வரியின் கடைசி நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2316 என்றால் 2016-இன் 23-ஆவது வாரம். குறைவாக ஓடும் பழைய கார்களில் டயர் தேய்வதற்கு முன்பே வயதாகிவிடும். பத்து வருடம் ஆன டயரை, பட்டன் (மேல்பரப்பின் வரி ஆழம்) எவ்வளவு மிச்சமிருந்தாலும், மாற்றிவிடும்படி டயர் தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள்.

வாரக்கணக்கில் நின்ற வண்டி என்றால் கொஞ்சம் பொறுங்கள். தரையில் அழுந்திய இடம் தட்டையாகி, முதல் சில கிலோமீட்டருக்கு நடுங்கும். டயர் சூடானதும் சரியாகிவிடும். அதற்காக டயர் வாங்கவேண்டாம். மாதக்கணக்கில் நின்றிருந்தால் அந்தத் தட்டை நிரந்தரமாகவும் தங்கிவிடலாம்.

மறைந்த செலவுகள் இந்த வழியில்தான் அதிகம். டயரின் மேல்பரப்பைக் கையால் தடவும்போது மேடும் பள்ளமுமாக மாறி மாறி வந்தால், அதைச் செய்தது பெரும்பாலும் தேய்ந்த ஷாக் அப்சார்பர். ஷாக்கை விட்டுவிட்டுப் புது டயர் போட்டால், நடுக்கம் உடனே போய்விடும், மகிழ்ச்சியாக இருக்கும். அப்புறம் புது டயரிலும் அதே மேடு பள்ளம் விழும்.

இரண்டு டயர் மட்டும் மாற்றுபவர்களுக்கு ஒரு சிக்கல். வழுக்கும் சாலையில் பின்பக்கம் பிடி விடாமல் இருக்க, புது ஜோடியைப் பின்னால் போடச் சொல்வதுதான் டயர் தயாரிப்பாளர்களின் பொதுவான அறிவுரை. அப்படியானால் பின்னால் இருந்த பழையவை முன்னால் வரும். அவற்றிலும் குறை இருந்தால், பணம் கொடுத்தும் ஸ்டியரிங் நடுங்கும். வழி 1-ஐ முதலில் செய்திருந்தால் பின் டயர்களின் லட்சணம் முன்பே தெரிந்திருக்கும்.

வழி 4: பிரேக் டிஸ்க்

பிரேக் மிதித்தால் மட்டும் ஸ்டியரிங் நடுங்குகிறது, பெடலிலும் ஒரு துடிப்பு தெரிகிறது என்றால் இந்த வழி. வேறு எந்தக் குணத்துக்கும் இதை முதலில் எடுக்காதீர்கள்.

டிஸ்க் வளைந்துவிட்டது என்று எல்லோரும் சொன்னாலும், பெரும்பாலும் நடப்பது வேறு. டிஸ்க்கின் தடிமன் இடத்துக்கு இடம் மாறியிருக்கும். ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு, அதாவது 0.02 மி.மீ. வித்தியாசமே காலுக்கும் கைக்கும் தெரிந்துவிடும். டிஸ்க் ஹப்பில் நேராக உட்காராததால் ஒவ்வொரு சுற்றிலும் டிஸ்க்கின் ஒரே இடம் பேடில் உரசி மெலிவது ஒரு காரணம். கடுமையாக பிரேக் பிடித்துச் சூடேறிய டிஸ்க்கை நின்ற இடத்திலேயே பேட் கவ்விப் பிடித்திருப்பதால், பேடின் பொருள் ஒரு திட்டாக ஒட்டிக்கொள்வது இன்னொன்று. ஏர் கன்னால் நட்டுகளை ஏனோதானோவென்று முறுக்குவதும் டிஸ்க்கைக் கோணலாக்கும். நட்டுகளை எதிரெதிராக, படிப்படியாக, கையேட்டில் சொன்ன டார்க் (முறுக்கு விசை) அளவுக்கு முறுக்கவேண்டும்.

லேத்தில் கொடுத்துக் கடைவதா, புதிது போடுவதா? டிஸ்க்கின் விளிம்பிலோ நடுப்பகுதியிலோ குறைந்தபட்சத் தடிமன் பொறிக்கப்பட்டிருக்கும். கடைந்த பிறகும் அதற்கு மேல் தாராளமாக இருக்குமென்றால் கடையலாம். நெருங்கிவிட்டால் புதிதுதான். மெலிந்த டிஸ்க் சீக்கிரம் சூடாகும், சீக்கிரம் திரும்ப நடுங்கும். சிறிய கார்களுக்கு நான் புதிய டிஸ்க்கைத்தான் சொல்வேன். கடைசல் கூலிக்கும் புது டிஸ்க்குக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் அந்த அலைச்சலுக்கு ஈடாகாது. எதைச் செய்தாலும் ஹப் முகத்தின் துருவை எடுக்காமல் மாட்டினால், சில ஆயிரம் கிலோமீட்டரில் அதே துடிப்பு திரும்பி வரும். புது டிஸ்க்கைக் குறை சொல்வார்கள், அது பாவம்.

பிரேக் மிதிக்காமலே பிரேக்கால் நடுங்கும் ஒரு நிலையும் உண்டு. காலிப்பரின் வழிகாட்டிக் கம்பி (பின்) துருப்பிடித்து இறுகிவிட்டால் பேட் டிஸ்க்கை விடாது. வீட்டிலிருந்து கிளம்பும்போது நன்றாக இருக்கும் வண்டி, அரை மணி நேரத்தில் நடுங்க ஆரம்பிக்கும், ஒரு பக்கம் இழுக்கும், கருகிய வாடை வரும். நிறுத்தி, சக்கரங்களைத் தொடாமல் பக்கத்தில் கையை வைத்துப் பாருங்கள். ஒரு சக்கரத்தில் மட்டும் அனல் அடித்தால் அதுதான். இதற்குப் பெரும்பாலும் சுத்தம் செய்து கிரீஸ் போடுவதே போதும்.

வழி 5: டை ராடு, பால் ஜாயின்ட், புஷ்

மெக்கானிக்குகளுக்கு முதலில் கண்ணில் படுவது இது, பழைய வண்டியில் எப்போதும் ஏதாவது அகப்படும். ஆனால் தேய்ந்த புஷ் தானாகச் சுற்றுவதில்லை, விநாடிக்கு 15 முறை அதிரக் காரணமும் அதற்கு இல்லை. சுற்றும் பாகத்தில் பிறந்த சின்ன நடுக்கத்தை அது அடக்காமல் கைவரை விட்டுவிடுகிறது. அதனால் புஷ் மாற்றினால் நடுக்கம் குறையும், மூலம் அப்படியே இருக்கும். நல்ல சஸ்பென்ஷன் உள்ள வண்டி 15 கிராம் குறையை விழுங்கிவிடும். தேய்ந்த சஸ்பென்ஷன் அதையே ஊருக்குச் சொல்லும்.

இருந்தாலும் சோதனையைத் தவிர்க்கக் கூடாது. சமதளத்தில் ஜாக்கி போட்டு, ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டும் வைத்து, சக்கரத்தின் இடவலத்தைப் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் டை ராடு எண்ட், ஸ்டியரிங் ராக் பக்கம். மேல்கீழாகப் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் இருந்தால் வீல் பேரிங் அல்லது பால் ஜாயின்ட். அந்த இரண்டையும் பிரிக்க, ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் மறைந்தால் பேரிங், மறையாவிட்டால் பால் ஜாயின்ட். பேரிங் போயிருந்தால் வழக்கமாக ஓட்டும்போது ஒரு உறுமலும் இருக்கும், வளைவில் ஒரு பக்கம் திருப்பும்போது கூடும், மறுபக்கம் குறையும்.

டை ராடிலோ பால் ஜாயின்ட்டிலோ கைக்குத் தெரியும் ஆட்டம் இருந்தால், வரிசை அப்போதே தலைகீழாகிறது. நடுக்கத்துக்கு அது காரணமோ இல்லையோ, முதலில் அதை மாற்றுங்கள். கழன்றால் சக்கரம் நம் சொல் கேட்காது. வெறும் புஷ் வெடிப்பு என்றால், பேலன்சிங் முடிந்து ஓட்டிப் பார்க்கும்வரை காத்திருக்கலாம். மறைந்த செலவு என்று பார்த்தால், ஆர்ம் அல்லது டை ராடு மாற்றிய பிறகு வரும் அலைன்மென்ட்; ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் சில மாதத்தில் மறுபக்கத்துக்கு இன்னொரு முறை அதே கூலி.

வழி 6: டிரைவ் ஷாஃப்ட்

முன் சக்கரம் இழுக்கும் வண்டியில், ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் நடுங்கி, காலை எடுத்தால் நின்றால், உள்பக்க ஜாயின்ட். ஏற்றத்திலும் பாரத்திலும் இன்னும் தெளிவாகத் தெரியும். வெளிப்பக்க ஜாயின்ட் வேறு மாதிரி, ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பும்போது டக் டக் என்று சத்தம் போடும். ரப்பர் பூட் கிழிந்து, சுற்றிலும் கிரீஸ் தெறித்திருந்தால் சந்தேகம் உறுதி. பூட் மட்டும் கிழிந்து ஜாயின்ட் நன்றாக இருந்தால், பூட்டும் கிரீஸும் மாற்றினாலே தப்பிக்கலாம். பின் சக்கரம் இழுக்கும் வண்டியில் நடுவே ஓடும் நீள ஷாஃப்ட் சக்கரத்தைவிட மூன்று நான்கு மடங்கு வேகமாகச் சுற்றுவதால், அதன் நடுக்கம் பொடியாக, சீட்டிலும் தரையிலும் ரீங்காரம் போலத் தெரியும்.

அலைன்மென்ட் ஏன் இந்தப் பட்டியலில் இல்லை

பேலன்சிங்கோடு சேர்த்தே விற்கப்படுவதால், நடுக்கத்துக்கும் அதுதான் மருந்து என்று தோன்றுகிறது. அலைன்மென்ட் என்பது சக்கரங்கள் நிற்கும் கோணம். கோணம் தப்பினால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஓரம் தேயும். மாதக்கணக்கில் அப்படித் தேய்ந்த டயர் நடுங்கலாம், ஆனால் அப்போது கோணத்தைத் திருத்தினாலும் அந்த டயர் திருந்தாது. வண்டி நேராகப் போகிறது, டயர் சீராகத் தேய்ந்திருக்கிறது என்றால் அந்தப் பணத்தை வைத்திருங்கள். பாகம் மாற்றிய பிறகு எப்படியும் தேவைப்படும்.

அப்படியே ஓட்டுவது

இதுவும் ஒரு வழிதான், பழைய கார் வைத்திருப்பவர்கள் பலர் எடுத்திருப்பதும் இதைத்தான். வண்டி நகரத்துக்குள் மட்டும் ஓடுகிறது, 90-க்கு மேல் லேசான சிலிர்ப்பு, மாதங்களாக மாறவில்லை, டயரில் புடைப்பு இல்லை, ஜாக்கி சோதனையில் ஆட்டம் இல்லை. இத்தனையும் உண்மையென்றால் அடுத்த டயர் மாற்றம்வரை தள்ளிப்போடலாம். விலை என்னவென்றால், அந்தச் சிலிர்ப்பு பேரிங்கையும் ஜாயின்ட்டையும் டயரையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும்.

தள்ளிப்போடக் கூடாத நிலைகள் வேறு. நேற்று இல்லாத நடுக்கம் இன்று பலமாக வந்தது, ஒரே பயணத்தில் கூடிக்கொண்டே போகிறது, குறைந்த வேகத்திலும் ஆடுகிறது, கருகிய வாடை வருகிறது, சக்கரம் கழற்றி மாட்டிய ஓரிரு நாளில் தொடங்கியது. கடைசியாகச் சொன்னது நடந்தால் அடுத்த கடைவரை போகலாம் என்று நினைக்காமல், ஓரம்கட்டி நட்டுகளைச் சோதியுங்கள். எந்தச் சக்கர வேலைக்குப் பிறகும் 50 முதல் 100 கி.மீ.க்குள் நட்டுகளை ஒருமுறை டார்க் ஸ்பேனரால் சரிபார்ப்பது இதற்காகத்தான்.